கல்யாணத்தப்ப எத்தனை கிலோ இருந்தீங்க?

செந்துறை பக்கம் சுகர் மாத்திரை வாங்க ஓபிக்கு வர்ற அக்காக்கள்கிட்ட நான் வழக்கமா கேக்குறது இதுதான். "நாப்பத்திரெண்டு இருப்பேன் சார்"னு சிரிப்பாங்க. இப்ப மெஷின்ல 66. நடுவுல ஏறின 24 கிலோவுக்கு ஒரு வரலாறு இருக்கு. சின்ன த்ரெட்.

2005-06 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்கள்ல (15-49 வயசு) எடை குறைவானவங்க 28.4%, எடை கூடினவங்க 20.9%. 2019-21 ஆய்வுல அதே கணக்கு 12.6%, 40.4%. பதினஞ்சு வருஷத்துக்குள்ள தலைகீழ்!

பசி குறைஞ்சது நல்லதுதாங்க. 2011ல வந்த இலவச ரேஷன் அரிசியைத் திட்டாதீங்க. முந்திரிக்காட்டுக்கு நடந்து போனவங்க இப்ப வண்டில போறாங்க, தட்டுல சோறு மட்டும் குறையல.

ஒல்லியா வளர்ந்த உடம்புல நடுவயசுல ஏறுற கொழுப்பு வயித்துலயும் கல்லீரல்லயும் போய் உக்காரும். அங்க இருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது. அதனாலதான் 2009ல நம்ம நாட்டு மருத்துவர்கள் கூடி, எடை கூடுதலுக்கான பிஎம்ஐ அளவை 25லேர்ந்து 23ஆக் குறைச்சாங்க. மேல சொன்ன 40.4% பழைய 25 கணக்கு. 23னு வச்சா இன்னும் ஏறும்.

சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடிச்சது. சுகர் வர்ற விளிம்புல இருந்தவங்க நடையையும் சாப்பாட்டையும் மாத்தினதுல, மாத்தாதவங்களைவிட சுகர் வர்ற ஆபத்து 28.5% குறைவு. இத்தனைக்கும் எடை பெருசா இறங்கவே இல்ல!

இன்னொண்ணு. ஒண்ணும் பண்ணாமலே இளைச்சா சந்தோசப்படாதீங்க. சுகரும் சளியும் டெஸ்ட் பண்ணணும், வந்துருங்க.