பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு... அப்புறம் ஏன் வீட்டுக்குள்ள வெள்ளம்? ஓடை ஓரம் மனை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஏப்ரல் மாதம் மனை பார்க்கப் போனால் ஓடை கண்ணுக்கே தெரியாது. முள் மண்டிய ஒரு பள்ளம், அதில் நாலு ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். "தண்ணி வந்தே பல வருஷம் ஆச்சு சார்" என்பார் புரோக்கர். பட்டா, அப்ரூவல், பேங்க் லோன் எல்லாம் பக்காவாக இருக்கும். விஷயம் புரிவது நவம்பரில்தான்.

செம்பரம்பாக்கம் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியதா?

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகள் அடையாற்று வெள்ளத்தில் சிக்கின. ஆனால் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் கதை வேற. செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை பக்கம். இந்த ஊர்கள் அதற்கும் மேலே இருக்கின்றன. இங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் போன்ற ஏரிகளில் இருந்து வழிந்த தண்ணீர். அது வழக்கமாக விரிந்து நிற்கும் தாழ்நிலத்தில் நகர்கள் வந்துவிட்டன. கோடையில் ஒல்லியாகத் தெரிகிற ஆற்றுக்கு, மழைக்காலத்தில் அந்தத் தாழ்நிலமும் தேவை. இதைத்தான் வெள்ளச் சமவெளி என்கிறார்கள்.

'நாலு அடி மண் கொட்டி மனையை உயர்த்திட்டா போச்சு' என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவரும் மண் கொட்டுவார். கடைசியில் தெருவே ஓடை ஆகிவிடும்.

கரை ஏன் இடிகிறது?

வெள்ளம் வடிந்துவிடும். ஆனால் அரிப்பு கொண்டுபோன நிலம் திரும்ப வராது. ஓடை வளையும் இடத்தில் வெளிப்பக்கம் வேகம் அதிகம், அங்கே கரை அறுபடும். உள்பக்கம் மணல் சேரும். 'வாட்டர் வியூ' என்று கூடுதல் விலை சொல்லும் மனை அந்த வெளிப்பக்க வளைவில் இருந்தால் யோசிக்கணும். தடுப்புச் சுவர் கட்டினாலும் அஸ்திவாரம் ஆழமாக இல்லையென்றால், தண்ணீர் சுவருக்கு அடியில் மண்ணைத் தோண்டிவிடும். கரையைப் பிடித்து நிறுத்துகிற நாணலையும் மரங்களையும் 'கிளீன்' பண்ணிய லேஅவுட் என்றால் இன்னும் ஆபத்து.

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் அருகே என்ன நடந்தது? வெள்ளம் ரயில்பாதைக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் நடுவழியில் சிக்கினர். லேஅவுட் சாலைக்கு அடியில் போடும் சின்னக் குழாய்ப் பாலமும் ஆபத்தானதுதான். குப்பை அடைத்ததும் சாலை அணை ஆகிவிடும். தேங்கும் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு பாயும்.

எதைப் பார்க்கணும்?

பட்டா, நிலம் யாருடையது என்று மட்டுமே சொல்லும். வெள்ளம் வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை. 'அ' பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணோடு சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் புல வரைபடத்தில் அது எங்கே போகிறது என்று தேடணும். மனை நீர்நிலையில் இருந்து 15 மீட்டருக்குள் வந்தால் அனுமதி மறுக்கவோ நிபந்தனை போடவோ கட்டட விதிகளில் இடம் உண்டு. பெரிய லேஅவுட் என்றால் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று நகலைக் கேளுங்கள். தரை மட்டம் எவ்வளவு உயரணும், வாய்க்கால் எத்தனை அகலம் விடணும் என்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். அவை தரையில் நிறைவேறியிருக்கிறதா என்று டேப் வைத்தே அளக்கலாம்.

ஊர் பெயரையும் கவனியுங்கள். தாங்கல் என்றாலே தண்ணீர் தேங்கும் இடம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு மழை நாளில் நேரில் போங்கள். பக்கத்துத் தெரு பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டே, 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.