அலோனில் எரியும் விளக்கு யாருடையது?

சிங்கப்பூரில் வளர்ந்த எனக்குக் கரண்ட் போவது என்றால் பாடப்புத்தகச் செய்தி மாதிரி. அது என்னவென்று எனக்குக் காட்டியது யாங்கோன், அதாவது நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் ரங்கூன். 2019இல் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு அலோன் பகுதியில். சாயங்காலம் விளக்கு அணைந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது தெரு முழுக்க ஒரே கத்தல்: "மீ லாபி!" பர்மிய மொழியில் 'மீ' என்றால் நெருப்பு. மின்விளக்குக்கும் அதே சொல்தான். "விளக்கு வந்துடுச்சு" என்று தெருவே சேர்ந்து சொல்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே அலோனில் ஆற்றங்கரையில் மின்நிலையம் இருக்கிறது. "பக்கத்திலேயே கரண்ட் தயாரிக்கிறாங்க, நமக்கு ஏன் அத்தை இல்ல?" என்று கேட்டேன். "நீதானே தம்பி என்ஜினியருக்குப் படிச்சே, நீ சொல்லு" என்றார். அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இயந்திரக் கதை. அலோனில் 1990களில் தலா 33.3 மெகாவாட் திறனுள்ள மூன்று எரிவாயு டர்பைன்கள் அமைந்தன. விமான என்ஜினைப் போலத்தான்: காற்றை அழுத்தி, எரிவாயுவைக் கலந்து எரித்தால், சூடான வாயு சக்கரத்தைச் சுழற்றும். வெளியே வரும் புகையிலும் நல்ல சூடு மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில் நான்காவதாக ஒரு டர்பைனை ஓட்டினார்கள். அது 54.3 மெகாவாட். மொத்தம் 154.2. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகைச் சூட்டிலிருந்தே கிடைக்கிறது! 2010களில் தாய்லாந்தின் டோயோ-தாய் நிறுவனம் அதே அலோனில் 121 மெகாவாட் நிலையம் ஒன்றைக் கட்டியது. அதுவும் இதே முறைதான்.

இயந்திரம் இருந்தால் போதுமா? எரிவாயு வேண்டும். பர்மாவின் அந்தமான் கடலுக்கு அடியில் 'யதனா' என்ற பெரிய எரிவாயு வயல் இருக்கிறது. பெயர் நமக்கும் சொந்தம்தான்: பாலியின் 'ரதன', நம் 'ரத்தினம்', பர்மியரின் 'யதனா' எல்லாம் ஒரே சொல். 1998இல் உற்பத்தி தொடங்கியது. குழாய் முதலில் போனது யாங்கோனுக்கு அல்ல, தனிந்தாரி வழியாகத் தாய்லாந்துக்கு. அந்தக் குழாய்ப் பாதையில் ராணுவம் தங்களைக் கட்டாய வேலை வாங்கியதாகக் கிராம மக்கள் அமெரிக்காவில் யுனோகல் நிறுவனத்தின் மேல் 1996இல் வழக்குப் போட்டார்கள். 2005இல் அது சமரசத்தில் முடிந்தது. யாங்கோனுக்குக் கடல் குழாய் வந்தது 2010இல்தான். 2022 ஜனவரியில் பர்மாவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தபோது டோட்டல் நிறுவனமே சொன்ன கணக்கு: யதனா எரிவாயுவில் சுமார் 70 சதவீதம் தாய்லாந்துக்கு, 30 சதவீதம் உள்நாட்டுக்கு.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஜப்பான் போர் இழப்பீடாகக் கொடுத்த உதவியில் காயா மாநிலத்தில் லாபிதா நீர்மின் நிலையம் எழுந்தது. 1960இல் அங்கிருந்து ரங்கூனுக்கு மின்சாரம் வந்தது. ஆனால் லாபிதாவைச் சுற்றியிருந்த பல கிராமங்கள் பல பத்தாண்டுகள் இருட்டிலேயே இருந்தன. கம்பி அவர்கள் தலைக்கு மேலே போனது, அவ்வளவுதான். அலோனில் இருட்டில் உட்கார்ந்த என் அத்தைக்கும் அந்தக் கிராமத்தாருக்கும் ஒரே நியாயம்தான் மறுக்கப்பட்டது.

இன்னும் பின்னால் போனால் நம் கதையே வருகிறது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942 மார்ச் 7 அன்று, ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷார் துறைமுகத்தையும் சிரியம் எண்ணெய் ஆலைகளையும் நகரின் மின்நிலையத்தையும் தாங்களே தகர்த்துவிட்டுப் போனார்கள். கப்பலில் இடம் கிடைக்காத நம் ஆட்கள் பல லட்சம் பேர் காட்டு வழியாக நடந்தார்கள். அணைத்தவர்களுக்குப் போக வழி இருந்தது, இருட்டு மிஞ்சியது மற்றவர்களுக்கு.

2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். பர்மிய நாணயத்தின் மதிப்பு விழுந்தது, இறக்குமதி செய்த திரவ எரிவாயுவில் ஓடிய நிலையங்கள் நின்றன, யதனாவும் வற்றிக்கொண்டு வருகிறது. அத்தை இப்போது நடுராத்திரியில் கரண்ட் வரும்போது எழுந்து அரிசி களைந்து போடுகிறார், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறார், பிறகு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்.

என் வேலை சர்வர்களோடு. ஒரு நிமிடம் நின்றால் எனக்குப் போன் வரும், அறிக்கை எழுத வேண்டும். அத்தை வீட்டில் எட்டு மணி நேரம் நின்றால் யாரும் யாருக்கும் விளக்கம் எழுதுவதில்லை.

அத்தைக்கு என் பதில் இதுதான்: டர்பைனில் குறை இல்லை அத்தை. எரிவாயு எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில் உங்களை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ரங்கூனிலிருந்து வந்தவர்கள் இருக்கலாம். அவர்கள் தெருவில் விளக்கு எப்போது வந்தது, எப்போது போனது என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் வரலாறுதான்.