அரைப்பேரும் கணினி நினைவகமும்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். சில தோட்டங்களில் அந்த நிறை இப்போது டிஜிட்டல் தராசில் பதிவாகிறது.

இத்தகைய பதிவுகளை, 2009இல் வெளிவந்த ரெடிஸ் போன்ற நினைவகத் தரவுத்தளத்தில் வைத்தால் வேகம் கூடும். ஆனால் தரவு ரேமில் மட்டும் இருந்தால், மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். அதற்குத்தான் ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் எழுதும் ‘ஏஓஎஃப்’ வசதி. அதை ‘எவ்ரிசெக்’ என அமைத்தால் வேகம் அதிகம். சுமார் ஒரு விநாடிப் பதிவு இழக்கப்படலாம். ‘ஆல்வேஸ்’ பாதுகாப்பானது, மெதுவானது. நினைவகம் நிரம்பினால் பழைய பதிவை நீக்காமல் புதியதை மறுப்பது ‘நோஎவிக்‌ஷன்’. மறுத்ததைத் தராசு உடனே காட்டவேண்டும்.

1948 குடியுரிமைச் சட்டத்தால், பிறப்பை நிரூபிக்க ஆவணமின்றி நாடற்றவர்களான சமூகம் மலையகத் தமிழர். அவர்களின் சம்பளப் பதிவில் வேகத்தைவிட இழப்பின்மையே முதன்மை.