தெராங் புலான்: பேராக்கில் வேர்விட்ட ஒரு மெட்டு

மலேசியாவின் பேராக் மாநில வரலாற்றில் 1877ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் முக்கியமானது. ரெசிடென்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆலோசகர்களுள் முதலாமவரான ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச், 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதில் தொடர்புடையவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட சுல்தான் அப்துல்லா, அவ்வாண்டில் இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டில், கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளுள் ஒன்பது, ஹியூ லோ ரெசிடென்டாக இருந்த கோலகங்சாரில் நடப்பட்டன. நாடுகடத்தல் பேராக்குக்கு ஒரு மெட்டைத் தந்தது. ரப்பரோ, பின்னாளில் அந்த மெட்டுக்கு எழுந்து நிற்கவிருந்த பல்லாயிரம் தமிழரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

பிரெஞ்சுப் பண்பாட்டின் செல்வாக்கு மிகுந்திருந்த செஷல்ஸின் மாஹே தீவில் இசைக்குழுக்கள் வாசித்துவந்த இந்த மெட்டு, ‘லா ரோசலி’ என்ற பாடலுக்குரியது என்றும், அதை ஆக்கியவர் பிரெஞ்சுப் பாடலாசிரியர் பியர் ழான் தெ பெராஞ்சே என்றும் சொல்லப்படுகிறது. பெராஞ்சே பெரும்பாலும் மக்களிடையே முன்பே வழங்கிய மெட்டுகளுக்குச் சொற்களை எழுதியவர் என்பதால், இசையும் அவருடையதே என்று கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். அப்துல்லாவின் குடும்பத்தார் விரும்பிக் கேட்ட இம்மெட்டு அரச கீதமானது பற்றி பேராக்கில் ஒரு கதை வழங்குகிறது. பின்னாளில் பேராக்கை ஆண்ட சுல்தான் இத்ரிஸ் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது, அவரை வரவேற்க வாசிக்க வேண்டிய கீதம் எது என்று அதிகாரிகள் கேட்டனராம். பேராக்குக்கு அப்படியொரு கீதமே இல்லை என்பதை வெளிக்காட்ட விரும்பாத அரச குடும்பத்தவர் ஒருவர், செஷல்ஸில் கேட்ட மெட்டை முணுமுணுத்துக் காட்டினாராம். முணுமுணுத்தவர் யார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. ஆயினும் ஏட்டில் எழுதப்பட்ட இசைக்குறிப்பு எதுவும் இன்றி, ஒருவரது நினைவிலிருந்தே மெட்டு மீண்டது என்பதில் எல்லாக் கதைகளும் ஒத்துப்போகின்றன. அதன் நீடித்த வாழ்வுக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. நிதானமாக நகர்ந்து, தொண்டையை வருத்தாமல், ஒருமுறை கேட்டவரது வாயிலும் தங்கிவிடும் மெட்டு இது.

அந்த இயல்பே அதை அரண்மனைக்கு வெளியேயும் கொண்டுசென்றது. இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான மலாய் இசைநாடகம் பங்சாவான் எனப்படும். அத்தகைய குழுக்களின் மேடைகளிலும், போர்த்துக்கீசியச் சாயல் கொண்ட நரம்பிசை வகையான கெரோன்சோங் கலைஞர்களின் வாசிப்பிலும், இம்மெட்டு ‘தெராங் புலான்’, அதாவது நிலவொளி, என்ற காதல் பாடலாக மலாயாவிலும் டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியத் தீவுகளிலும் பரவியது. 1937இல் ஆல்பர்ட் பாலிங்க் இயக்கி, அதே பெயரில் வெளிவந்த திரைப்படம் மலாயாவிலும் பெருவெற்றி கண்டது. 1947இல் ஃபீலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் பாணி இசைக்குழு, பிரிட்டனில் இதை ‘மமூலா மூன்’ என்ற பெயரில் இசைத்தட்டாக்கியது. ஆக, பேராக்கில் எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்த அதே மெட்டுக்கு, கேளிக்கை விடுதிகளில் இணை இணையாக மக்கள் நடனமாடினர்.

விடுதலை நெருங்கியபோது மலாயா கூட்டரசுக்குத் தேசிய கீதம் தேடி உலகளாவிய போட்டி நடத்தப்பட்டது. வந்த 514 ஆக்கங்களுள் எதுவும் ஏற்கப்படவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜான் கார்லோ மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூரின் தேசிய கீதத்தை இயற்றிய சுபிர் சயிட் ஆகியோரிடம் கேட்டுப் பெற்றவையும் நிறைவளிக்கவில்லை. இறுதியில், நாட்டின் முதல் பிரதமராகவிருந்த துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு 1957 ஆகஸ்டில் பேராக் கீதத்தின் மெட்டையே தேர்ந்து, புதிய சொற்கள் அமைத்து ‘நெகாராகூ’ ஆக்கியது. காதல் பாட்டின் மெட்டு நாட்டுக்குத் தகுமா என்ற கேள்விக்கு இடமிருந்தபோதும், அம்முடிவு சரியானதே. புகழ்பெற்ற இசைமேதை ஒருவரின் புத்தம் புதிய ஆக்கத்தை மக்கள் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகியிருக்கும்; இதுவோ அவர்கள் ஏற்கெனவே பாடிப் பழகிய மெட்டு.

ஆனால் அந்த உயர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. தேசிய கீதமான பின் அம்மெட்டைக் கேளிக்கைக்குப் பாடுவது தகாததாயிற்று. 1968ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டம், கீதத்தை வேண்டுமென்றே அவமதிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ‘தெராங் புலான்’ மலேசிய மேடைகளிலிருந்து மறைந்தது. மறுபுறம், அந்த மேடைகளின் பக்கமே போயிராத தோட்டப்புறத்துப் பிள்ளைகளிடம் அதே மெட்டு போய்ச் சேர்ந்தது. ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவரும் துங்குவின் அமைச்சருமான வீ.தி. சம்பந்தன் பிறந்த சுங்கை சிப்புட் வட்டாரம் உட்பட, பேராக்கின் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது பேர்பதிந்து வேலை பிரிக்கும் இடத்தில், கூடிவிட்டுப் பால்மரம் வெட்டப் போனபின், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியின் சபைகூடலில் அதைப் பாடினர். ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட பின்னும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும், தமிழ்ப் பள்ளிகளில் அந்த வழக்கம் தொடர்கிறது.

1992இல் கீதத்தின் வேகம் கூட்டப்பட்டு, அணிவகுப்பு நடைக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றம் மக்கள் மனத்தில் பதியவில்லை. 2003இல் பழைய நிதானமான நடை திரும்பியது. பேராக்கோ தன் மெட்டை நாட்டுக்குக் கொடுத்த பின்னும் கைவிடவில்லை. சுல்தானின் நீண்ட ஆயுளை வேண்டும் தன் மாநில கீதத்தை இன்றும் அதே மெட்டில்தான் பாடுகிறது.