ஆண்களுக்கான கருத்தடை ஊசி: நிறுத்தச் சொன்னது யார்?

1/ ஆண்களுக்கான கருத்தடை ஊசி பத்திப் பேச்சு வந்தாலே ஒரு கேலியும் கூடவே வரும். "பொம்பளைங்க அறுபது வருஷமா மாத்திரை முழுங்குறாங்க. ஆம்பளைங்க பக்கவிளைவு தாங்காம ஆராய்ச்சியையே நிறுத்திட்டாங்க!" இதுல பாதிதான் உண்மை. மீதியைச் சொல்றேன், வாங்க.

2/ விந்தணு தயாரிக்கச் சொல்லி விரைகளுக்கு உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனும் புரோஜெஸ்டினும் ஊசியாகப் போட்டால், 'ரத்தத்துல ஹார்மோன் போதுமான அளவு இருக்கு' என்று அது உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை படிப்படியாகக் குறையும்.

3/ இதைச் சோதிக்க 2008-ல் உலக சுகாதார நிறுவனமும் கான்ராட் அமைப்பும் ஓர் ஆய்வைத் தொடங்கின. இந்தியா உட்பட 7 நாடுகள், 320 ஆண்கள், 8 வாரத்துக்கு ஒருமுறை ஊசி. இதை மட்டுமே நம்பியிருந்த 266 ஜோடிகளில் கர்ப்பமானது 4 பேர். ரொம்ப நல்ல பலன்.

4/ ஆனா பக்கவிளைவுகளும் வந்தன. முகப்பரு, ஊசி போட்ட இடத்தில் வலி, மனநிலை மாற்றம், சிலருக்கு மனச்சோர்வு. ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றார்கள் ஆய்வாளர்கள்.

5/ 2011-ல் நிறுத்தச் சொன்னது ஊசி போட்டுக்கொண்ட ஆண்கள் இல்லைங்க. பாதுகாப்பைப் பரிசீலித்த வெளிக்குழு. பக்கவிளைவால் தாங்களாக விலகியவர்கள் 20 பேர்தான். நாலில் மூணு பேருக்கு மேல், 'இப்படி ஒரு ஊசி வந்தா போட்டுக்குவோம்' என்றுதான் சொன்னார்கள்.

6/ அந்த மனச்சோர்வுக்கு ஊசிதான் காரணமா? உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட குழு இல்லை. கருத்தடையை நம்பி வந்தவருக்கு வெற்று ஊசி போட முடியுமா? அவர் மனைவி கர்ப்பமாகிவிடுவாரே!

7/ இப்போ 1956-க்குப் போவோம். போர்ட்டோ ரிக்கோ தீவு. கிரிகரி பின்கஸும் ஜான் ராக்கும் பெண்களுக்கான மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்த இடம். இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு டோஸ். 17% பெண்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி. பக்கவிளைவு அதிகம் என்று எழுதினார் அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே. எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்கினார் பின்கஸ். சோதனையில் இருந்த 3 பெண்கள் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. 1960-ல் அமெரிக்கா அதைக் கருத்தடை மாத்திரையாக அனுமதித்தது.

8/ ஏன் இரண்டு தராசு? பெண்ணுக்கு மாத்திரையின் ஆபத்தை, கர்ப்பம், பிரசவத்தின் ஆபத்தோடு சேர்த்து நிறுப்பார்கள். ஆணுக்கு எதிர்த்தட்டில் வைக்க எதுவுமில்லை. அதனால சின்ன ஆபத்தும் பெருசாத் தெரியும். கணக்கு சரிதான். ஆனா சுமை மொத்தமும் பெண் தலையிலேயே நிக்குது.

9/ ஆண்களைக் கவனமாகப் பார்த்தது தப்பில்லை. அந்தக் கவனம் 1956-ல் அந்தப் பெண்களுக்குக் கிடைக்காததுதான் தப்பு. உங்க வீட்டுல யாராவது "மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து மனசே சரியில்லை"னு சொன்னா, பின்கஸ் மாதிரி ஒதுக்காதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாத்த வேற மாத்திரை, வேற முறை எல்லாம் இருக்கு.