ராம்னியின் பிரான்ஸ், ஹண்ட்ஸ்மனின் தைவான்

2012 ஜனவரி 7ஆம் தேதி இரவு, நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர்கள் விவாத மேடையில் நின்றார்கள். சீனாவுடனான வணிகம் பற்றிய பேச்சு சூடு பிடித்தபோது, ஜான் ஹண்ட்ஸ்மன் சட்டென்று மாண்டரின் மொழிக்குத் தாவினார். மிட் ராம்னிக்கு நிலைமை சரியாகப் பிடிபடவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ராம்னி பதிலுக்குப் பிரெஞ்சில் ஏதாவது சொல்லியிருக்க முடியும், சொல்லவில்லை. இருவருக்கும் அந்த மொழிகளைக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: மார்மன் சபை இளைஞர்கள் மதம் பரப்ப வெளிநாடு சென்று செய்யும் ஊழியம்.

இருவரையும் ஒப்பிடுவோர் வழக்கமாகத் தொடங்கும் இடங்கள் சில உண்டு. செல்வாக்குள்ள தந்தையர், ஆளுநர் பதவி, ஒரே ஆண்டில் அதிபர் வேட்பாளராகும் முயற்சி. அவையெல்லாம் அரசியல் எழுத்தாளர்களின் பாடு. எனக்கு ஆவலூட்டும் கேள்வி வேறு. இருபது வயதுக்கு முன்னும் பின்னுமாக அந்நிய மண்ணில் கழித்த அந்தச் சில ஆண்டுகள், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அவரவர் வீட்டில் என்னவாக நிற்கின்றன?

முதல் ஒற்றுமை, சென்ற நாடுகளின் மனநிலையில் இருக்கிறது. ராம்னி 1966 ஜூலையில் பிரான்சுக்குப் போய் இரண்டரை ஆண்டுகள் இருந்தார். வியட்நாம் போரால் அமெரிக்கர் மீது பிரெஞ்சுக்காரர் கசப்பு கொண்டிருந்த காலம் அது. திராட்சை மது இல்லாமல் சாப்பாடு இல்லை என்னும் நாட்டில், மதுவைத் தொடாத ஒரு மதத்தைப் பற்றிப் பேச வந்த அமெரிக்கப் பையனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஹண்ட்ஸ்மன் ஏறத்தாழ பத்தொன்பது வயதில் தைவானுக்குப் போனார். 1979 ஜனவரி 1 அன்று அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்து தைபேயைக் கைவிட்டிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு தைபேக்கு வந்த அமெரிக்கத் தூதுக்குழுவின் வண்டிகளை மக்கள் முட்டையும் தக்காளியும் வீசி வரவேற்றிருந்தார்கள். ஒருவர் அமெரிக்கப் போரின் நிழலில் கதவு தட்டினார். மற்றவர் அமெரிக்கா கைவிட்டதன் நிழலில் தட்டினார். சொந்த நாடு பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை இவ்வளவு இள வயதில் வாசற்படியில் நின்று பார்த்த அமெரிக்க அரசியல்வாதிகள் மிகச் சிலரே. அந்த ஆண்டுகளில் ராம்னியின் வயதொத்தவர்கள் பலர் வியட்நாமில் இருந்தார்கள் என்பதையும், சபை ஊழியத்துக்கான விலக்கு அவரைப் படையிலிருந்து காத்தது என்பதையும் இங்கே சேர்த்தே நினைக்க வேண்டும்.

இருவரின் ஊழியமும் பிரியும் இடம் ஒரு சாலை. 1968 ஜூன் 16. மே மாத வேலைநிறுத்தங்கள் பிரான்சை உலுக்கி ஓய்ந்திருந்தன. தென்மேற்கில் போ நகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சித்ரோயன் காரை ஓட்டியவர் ராம்னி. ஆறு பேர் பயணித்த அந்தக் காரின் முன் இருக்கையில் மட்டும் மூவர். பிரெஞ்சு ஊழியத்தின் தலைவர் டுவேன் ஆண்டர்சனும் அவர் மனைவி லியோலாவும் ராம்னியோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பெர்னோஸ்-பொலாக் என்ற சிற்றூரில் எதிரே வந்த கார் நேருக்கு நேர் மோதியது. லியோலா இறந்தார். நினைவிழந்து கிடந்த ராம்னியும் இறந்துவிட்டதாகவே எண்ணிய காவலர் ஒருவர் அவருடைய பாஸ்போர்ட்டில் அப்படியே குறித்தார். மிஷிகனில் ஆளுநராக இருந்த தந்தைக்கு, மகன் உயிரோடிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. மனைவியின் உடலோடு ஆண்டர்சன் நாடு திரும்ப, இருபத்தொரு வயது ராம்னியும் இன்னோர் இளைஞரும் பிரான்ஸ் முழுவதும் சிதறிக் கிடந்த மிஷனரிகளை வழிநடத்தினார்கள். பிற்காலத்து நிர்வாகி ராம்னியின் பிறப்பை வணிகப் பள்ளியில் தேடுவோர் உண்டு. நான் அந்தக் கோடையில்தான் தேடுவேன்.

இதற்கு இணையாக வைக்க ஹண்ட்ஸ்மன் பக்கத்தில் ஒரு விபத்து கிடையாது. அங்கே இருப்பது ஒரு மொழி. ராம்னிக்குப் பிரெஞ்சு இளமையின் நினைவாகத் தங்கிவிட்டது. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் தன்னார்வலர்களை வரவேற்க உதவியது, அவ்வளவே. ஹண்ட்ஸ்மனுக்கோ மாண்டரின் பிழைப்பாகவே ஆனது. 1980களின் பிற்பகுதியில் குடும்பத்தோடு மீண்டும் தைபேயில் குடியிருந்தார். 1992இல் முப்பத்திரண்டு வயதில் சிங்கப்பூருக்கு அமெரிக்கத் தூதர். 2009இல், எதிர்க்கட்சி அதிபரான ஒபாமாவின் நியமனத்தில் பெய்ஜிங்குக்குத் தூதர். ஆசியா அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. ஏழு பிள்ளைகளில் ஒரு மகள் சீனாவின் யாங்ஜோ நகரத்துக் காய்கறிச் சந்தையில் கைவிடப்பட்ட குழந்தை; இன்னொரு மகள் இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள்.

இந்த வேறுபாட்டில் மனம் நிலைகொள்ளும்போதுதான், நான் சற்றும் எதிர்பாராத ஓர் உறவு கண்ணில் பட்டது. மிட் பிரான்சில் கதவு தட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அவருடைய தந்தை ஜார்ஜ் ராம்னி ஆளுநர் வேலைக்கு நடுவே மகனின் காதலி ஆன் டேவிஸை ஞாயிறுதோறும் சபைக்கு அழைத்துப் போனார். ஆனின் வீடு பெயரளவுக்கு எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. அவர் தந்தைக்கு மதத்தின்மேல் நம்பிக்கையே இல்லை. வருங்கால மாமனாரின் வழிகாட்டலில் ஆன் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அவருடைய சகோதரர்களும் சேர்ந்தார்கள். பிரான்சில் மகன் பாடுபட்டுச் சேர்த்தவர்கள் சொற்பம்; அவன் இல்லாத வீட்டில் தந்தை சேர்த்ததோ மருமகளை. ஹண்ட்ஸ்மனின் மனைவி மேரி கேயும் எபிஸ்கோபல் சபையில் வளர்ந்தவர். மார்மனாகி, 1983இல் அவரைக் கைப்பிடித்தார். கடல் கடந்து போன இரண்டு ஊழியர்களின் வாழ்விலும் நிலைத்து நின்ற மதமாற்றம், உள்ளூர்ப் பெண்ணொருத்தியின் மாற்றமே.

அந்த ஒரே தொடக்கத்திலிருந்து இரண்டு குடும்பங்களும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. ராம்னியின் ஐந்து மகன்களும் ஊழியத்துக்குப் போனார்கள். மூத்தவர் தந்தை போன பிரான்சுக்கே போனார். ராம்னியும் 1986 முதல் 1994 வரை பாஸ்டன் பகுதிச் சபைகளின் தலைவராக இருந்து, வணிகத்தின் நடுவே வாரந்தோறும் சபையாரின் குடும்பக் கஷ்டங்களைக் கேட்டார். ஹண்ட்ஸ்மனோ டேவிட் ஹெய்ட் என்ற மார்மன் அப்போஸ்தலரின் பேரன். ஆனாலும் தம் பக்தியைப் பற்றிக் கேட்டால் பிடிகொடுக்காமல் பேசுவார், பல மதங்களிலிருந்தும் மனநிறைவு பெறுவதாகச் சொல்வார். இந்திய மகளை இந்து மரபு அறிய வளர்ப்பதாக அவரும் மனைவியும் கூறியிருக்கிறார்கள். மகன்கள் இருவர் கடற்படைக் கல்லூரிக்குப் போனார்கள்.

ஒருவர் தம்மை அனுப்பிய சபையைப் பற்றிக்கொண்டார், மற்றவர் தாம் போன நாட்டைப் பற்றிக்கொண்டார் என்று இதைச் சுருக்கிவிடலாம். அந்தச் சுருக்கம் எனக்கு ஒப்பவில்லை. தூதர் வேலை என்பது தொலைவிலுள்ள ஓர் அதிகாரத்தின் சார்பில், பிறர் மொழியில், நம்ப விரும்பாதவரிடம் பொறுமையாகப் பேசுவது. தைவானின் சந்துகளில் ஹண்ட்ஸ்மன் கற்ற தொழிலே அது. சபை அவரை விட்டு அவ்வளவு தூரம் போய்விடவில்லை. ராம்னியை விட்டுப் பிரான்சும் போய்விடவில்லை. 2020 பிப்ரவரி 5 அன்று, செனட் நடத்திய பதவிநீக்க விசாரணையில் தம் கட்சி அதிபரையே குற்றவாளி எனத் தீர்மானிக்க வாக்களித்த முதல் செனட்டர் என்ற இடத்தில் ராம்னி நின்றபோது, கடவுள் முன் எடுத்த உறுதிமொழியைக் காரணம் காட்டினார். கட்சியே கதவைச் சாத்தும் எனத் தெரிந்தே நின்ற அந்த மனிதரில், பிரான்சின் வாசல்களில் நின்ற இளைஞனும் இருந்தான் என்றே படுகிறது.

கற்ற மொழி இருவருக்கும் ஒரே மாதத்தில் பகையானதும் கவனிக்கத்தக்கது. அந்த 2012 ஜனவரியில் போட்டி வேட்பாளர் கிங்ரிச் தரப்பின் விளம்பரம் ராம்னி பிரெஞ்சு பேசுவதைக் குற்றம்போலக் காட்டியது. ஹண்ட்ஸ்மன் மாண்டரின் பேசுவதையும், கொடுமையாக, தத்து மகள்களோடு அவர் இருக்கும் காட்சியையும் சேர்த்து இணையத்தில் ஒரு காணொளி உலவியது. அந்நிய மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேச உழைத்தவர்களை, அந்த உழைப்பைக் கொண்டே அந்நியராக்கப் பார்த்ததை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக, இருவரையும் இரத்தத்தால் இணைக்கும் ஒருவர். மார்மன் சபையின் தொடக்கக்கால அப்போஸ்தலர் பார்லி பிராட்டின் வழித்தோன்றல்கள் இவர்கள். பிராட் 1851இல் கர்ப்பிணி மனைவியோடு சிலிக்குக் கப்பலேறி வால்பரைசோவில் இறங்கினார். அங்கே பிறந்த மகன் சில வாரங்களில் இறந்தான். ஸ்பானிய மொழி கைவசமாகவில்லை. ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்காமல் 1852இல் திரும்பினார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ராம்னியின் கடைசி மகன் அதே சிலியில் ஊழியம் செய்து, 2012 தேர்தலில் தந்தைக்காக ஸ்பானிய மொழியில் வாக்குக் கேட்டார். ஹண்ட்ஸ்மன் கிளை மாண்டரினைப் பிடித்துக்கொண்டது. ராம்னி கிளையில், பிராட்டுக்கு வசப்படாத அந்த மொழி ஐந்தாம் தலைமுறையிலும் ஒலித்தது.