புதிய பழந்துப்பாக்கிகள்

சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியில் கருமருந்தையும் ஈயக்குண்டையும் தனித்தனியே இட்டுச் சுடவேண்டும். உலோகத் தோட்டா பரவிய 1870-களில் அம்முறை வழக்கொழிந்தது. ஆயினும் அதன் வரலாறு அத்துடன் முற்றுப்பெறவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய வேளையில், வேல் ஃபார்ஜெட் என்னும் அமெரிக்க வணிகரின் முயற்சியால், இத்தாலியின் பிரெஷியாவை அடுத்த கார்தோனேயில் 1851-ஆம் ஆண்டு 'நேவி' வடிவம் மறுபிறவி எடுத்தது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் குழல் செய்துவரும் ஊர் அது.

வாங்கியோரில் பலர் அதனை அலமாரியில் வைத்து அழகு பார்த்ததோடு அமையவில்லை, சுட்டும் பார்த்தனர். உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தை அளந்திட்டு, குண்டை வைத்து, குழலின் கீழுள்ள நெம்புகோலால் அழுத்துவர். குண்டு அறைவாயினும் சற்றே பெரிதாதலின், மெல்லிய ஈயவளையம் ஒன்று சீவுண்டு விழும். ஓரறைத் தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்க, மேலே கொழுப்புப் பூசுவர். பின்னரே, தட்டினால் பொறி தரும் செப்புத் தொப்பிகளைப் பின்புறம் பொருத்துவர். ஆறு குண்டுகளுக்கு இத்துணைப் பாடு! அக்காலக் குதிரைவீரர் சிலர் இரண்டு மூன்று துப்பாக்கிகளைச் செருகிச் சென்றதன் காரணம், ஏட்டில் விளங்காதார்க்கும் இங்கே விளங்கும். சுட்டபின் கழுவித் துடைக்காவிடில் கசடு இரும்பை அரித்துவிடும்.

விந்தை சட்டத்தில் உள்ளது. 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தோட்டா ஏற்காத இப்படிகளையும் 1898 வரை செய்யப்பட்ட பழந்துப்பாக்கிகளோடு சேர்த்து விலக்களித்தது. நேற்றுச் செய்த இரும்பு இன்றே தொன்மை எய்திவிடுகிறது. கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இத்தகு வரையறை புதிதன்று; எனினும், குண்டு பட்டவனுக்கு அதனால் ஆறுதல் ஏது? மாநிலங்கள் சில இவ்விலக்கை அப்படியே ஏற்காமல் தனிவிதி வகுத்துள்ளன.